விருப்ப ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கணக்கு: பயனுள்ள குறிப்புகள்

விருப்ப ஓய்வில் வருகிறவர்கள் கைக்குப் பணிக்கொடை, பி.எஃப்., விடுப்புச் சம்பளம் என்று ஒரே நேரத்தில் பெரிய தொகை வந்து சேரும். அதற்கப்புறம் ஒன்றாம் தேதி சம்பளம் வராது. அறுபது வயதுக்காரர்களுக்கான சலுகைகளோ இன்னும் கைக்கு எட்டாது. 2020 ஜனவரி கடைசியில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து மட்டும் 78 ஆயிரம் பேருக்கு மேல் இப்படி ஒரே நாளில் வெளியே வந்தார்கள். இந்த இடைப்பட்ட ஆண்டுகளைக் கடன் இல்லாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொண்டே கடத்த முடியும். அக்கம்பக்கத்திலும் உறவிலும் அப்படி வாழ்கிறவர்கள் செய்வதையும், எங்கள் வீட்டில் செய்வதையும் இங்கே தருகிறேன்.

1. முதல் ஆறு மாதம் ஒரு செலவையும் குறைக்காதீர்கள். எழுதி மட்டும் வையுங்கள். பெட்ரோல், மதியச் சாப்பாடு, அலுவலக உடுப்பு எல்லாம் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் பகல் முழுக்க ஃபேன் ஓடும், காபி இரண்டு தடவை கூடும், வீட்டுக்கு வருகிறவர்களும் கூடுவார்கள். எது குறைந்தது, எது கூடியது என்று நோட்டில் கண்ணால் பார்த்த பிறகு மாதச் செலவுக்கு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்.

2. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அறுபது வயதானவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 55 வயது முடிந்து விருப்ப ஓய்வு பெற்றவர்களும் சேரலாம். ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாள் தவறினால் அறுபது வரை காத்திருக்க வேண்டியதுதான். வந்த ஓய்வுப் பணத்துக்கு மேல் போட முடியாது; உச்சவரம்பு 30 லட்சம். 2025ல் வட்டி 8.2 சதவீதம். 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது.

3. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணத்தை வைத்துக் குடும்பம் நடத்துவது சிரமம். அஞ்சலக மாத வருமானத் திட்டத்திலும் ஒரு பகுதியைப் போடுங்கள். தனி ஆள் 9 லட்சம் வரையும், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரையும் போடலாம். 7.4 சதவீத வட்டியில் 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய். வட்டி எல்லாம் ஒரு கணக்கில் சேரட்டும். அதிலிருந்து ஒன்றாம் தேதி குறிப்பிட்ட தொகை மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாக மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சம்பளம் வந்த வீட்டின் ஒழுங்கு அப்படியே தொடரும். ஆறு மாதச் செலவுக்கான பணம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி தனியாக இருக்க வேண்டும்.

4. பி.எஃப். பென்ஷனை 50 வயதிலிருந்தே வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் 58க்கு முன்னால் வாங்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும். வேறு வழி இருந்தால் 58 வரை பொறுங்கள்.

5. கூட்டுறவு வங்கி அரை சதவீதம் கூடுதலாகத் தருகிறது என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட வேண்டாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு.

6. பெரிய தொகை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் கைமாற்று, மனை, சீட்டு, கூட்டுத் தொழில் என்று ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் நெருங்கியவர்கள்தான். பணத்தை முதலில் திட்டங்களில் போட்டுவிட்டு, அதன்பிறகு ஓய்வுச் செய்தியைச் சொல்லுங்கள். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பியாக இருந்தாலும். சம்பளம் உள்ளவன் கடனை மாதாமாதம் அடைத்துக் கரையேறிவிடுவான். நமக்கு அந்த வழி இல்லை.

7. வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகள்தான் குடும்பத்தைத் தடுமாற வைக்கும். வீட்டு வரி, காப்பீட்டு பிரீமியம், தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோயில் பயணம், மொய். இவற்றையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகைக்கு ஆர்.டி. போடுங்கள். மொய் நோட்டைத் தூசி தட்டி எடுத்து, நமக்கு வந்ததை ஊர்க்காரர் வாரியாகப் பார்த்து வைத்தால் திருப்பிச் செய்வதில் குறைவும் வராது, வீம்புக்குக் கூடவும் செய்ய மாட்டோம். நகராட்சி, மாநகராட்சியில் சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

8. மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே சொந்தமாக எடுத்துவிடுங்கள். அலுவலகக் காப்பீடு வேலையோடு போய்விடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். அந்தக் கெடு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எதைக் குறைத்தாலும் இந்தப் பிரீமியத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

9. தினசரி மாத்திரைகளை மருந்தின் மூலப் பெயரில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து பாதிக்கும் குறைவான விலையில் கிடைப்பதுண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் உங்கள் தெருவுக்கு வருகிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

10. வருஷ சாமான் வாங்கும் பழக்கத்தை மறுபடி ஆரம்பியுங்கள். வேலைக்குப் போன காலத்தில் இதற்கு நேரம் கிடைத்திருக்காது. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுக்காத புளி விலை குறைவு. ஆனால் ஒரு கிலோ வாங்கி ஓடு, நார், கொட்டை எடுத்து மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள், எது லாபம் என்று தெரிந்துவிடும். நன்றாகக் காயவைத்து, கல் உப்பு தூவி, உருண்டை பிடித்து, பீங்கான் ஜாடியில் இடைவெளி இல்லாமல் அழுத்தி வைத்தால் அடுத்த மாசி வரை கெடாது. உலோகப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். அதே பருவத்தில்தான் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் வரும். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் இது. காம்பு கிள்ளாமல், கையில் நொறுங்கும் பதம் வரை காயவைத்து எடுத்து வையுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டால் விதை கொட்டும், வண்டு ஏறும். துவரம்பருப்பில் லேசாக விளக்கெண்ணெய் தடவி, காயவைத்து, டின்னில் இரண்டு துண்டு வசம்பு போட்டு மூடினால் பூச்சி அண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் போதாது என்றால் மூன்று வீட்டார் சேர்ந்து மூட்டையாக வாங்கி, மொட்டை மாடியில் முறை வைத்துக் காயவைக்கலாம். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் நடக்கிறது. காயவைக்கும் சாக்கில் பேச்சுத்துணையும் கிடைக்கிறது.

11. உழவர் சந்தை 1999ல் மதுரையில் தொடங்கியது. வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும்; அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். கீரை, பிஞ்சுக் காய்க்குக் காலையிலேயே போக வேண்டும். தக்காளி, பூசணி, சேனை மாதிரி வாடாத காய்க்குக் கடை கட்டும் நேரம் போனால் விலை இறங்கும்.

12. இட்லி மாவைப் பாக்கெட்டில் வாங்குவதை நிறுத்தினால் மிச்சம் கணிசமாக நிற்கும். நாலுக்கு ஒன்று கணக்கில் ஒரு வாரத்துக்கு அரைத்து, பாதியை உப்புப் போட்டுப் புளிக்க வையுங்கள். மீதியைப் புளிக்கவிடாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு வெளியே எடுத்தால் வாரக் கடைசியிலும் பூப்போல இட்லி வரும்.

13. பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி எதுவானாலும் ஊறவைத்துத்தான் குக்கரில் ஏற்றுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறியதாக்குங்கள். பர்னரில் மஞ்சளாக எரிந்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

14. கரண்ட் பில்லில் 500 யூனிட் ஒரு முக்கியமான கோடு. இரண்டு மாதக் கணக்கு அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; 101லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான். தினம் 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். பகலில் அதிகம் உட்காரும் அறையில் முதலில் மாற்றுங்கள்.

15. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கூச்சப்படாமல் போய் வாங்குங்கள். ஆவின் பாலுக்கு மாத அட்டை போட்டால் சில்லறை விலையைவிடக் குறையும்.

16. காபித்தூளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நல்ல கொட்டையாக, நூறு நூறு கிராமாக, அன்றன்று அரைத்து வாங்குங்கள். வீட்டு டிபனும் ஒரு டம்ளர் நல்ல காபியும் இருந்தால் ஓட்டலுக்குப் போகும் நினைப்பே வராது.

17. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணம் இல்லை. வீட்டில் இரண்டாவது ஸ்கூட்டர் இருந்தால் விற்றுவிடலாம். கோடைப் பகலுக்குச் சென்னைக்காரர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், மதுரைக்காரர்கள் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போகலாம். குளிரூட்டிய அறையில் மாலை வரை படிக்கலாம்.

18. வைப்புத்தொகை எல்லாவற்றுக்கும் நாமினி இருக்கிறதா என்று பார்த்து, கணக்கு எண், முதிர்வுத் தேதி, பாலிசி எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி பீரோவுக்குள் வையுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தை ஐந்து வருடம் முடிந்ததும் இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கலாம். அதற்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பதால் அந்தத் தேதியை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்.