ஒன்பது கட்டச் சதுரம் – பழஞ்சேலையில் ஒட்டுத்துணிப் போர்வை

நம் இல்லங்கள் பலவற்றில் பெட்டியின் அடியில் ஒரு சேலை கிடக்கும். உடுத்தியவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும். பிறர்க்குக் கொடுக்க மனம் வராது. எடுத்து உடுத்தவும் இயலாது. மடித்த மடிப்பிலேயே நெடுங்காலம் கிடக்கும் பருத்தித் துணி, மடிப்பு விழுந்த கோட்டில்தான் முதலில் இற்றுப் போகிறது. பின்னர் ஒருநாள் விரித்துப் பார்க்கும்போது பட்டை பட்டையாகப் பிரிந்து வரும். அன்னையின் சேலையில் கத்தரிக்கோல் வைப்பதா என்று தயங்கும் சகோதரிகள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துணியில் உரம் உள்ளபோதே வெட்டித் தைத்தால், பேரக் குழந்தையின் மேல் அது இன்னும் பல ஆண்டுகள் கிடக்கும். அதற்கு ஏற்ற எளிய முறை ஒன்றை இக்கட்டுரையில் கற்போம்.

துண்டுத் துணிகளைச் சேர்க்கும் கலை இருவகைப்படும். ஒரு துணியின் மேல் மற்றொரு துணியை வடிவாக வெட்டி வைத்துத் தைப்பது ஒன்று. தஞ்சைப் பகுதியில் தேர்களுக்கும் கோயில்களுக்கும் செய்யப்படும் தொம்பைகள் இவ்வகையின. துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே பரப்பாக்குவது இரண்டாவது. சிந்து, இராசத்தான், குசராத்துப் பகுதிகளின் ரல்லி விரிப்புகளில் இவ்விரு முறைகளையும் காணலாம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்டிர் ‘கவந்த்’ என்னும் போர்வை தைக்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். பழஞ்சேலை ஒன்றை அடியில் விரித்து, கந்தைத் துண்டுகளை ஓரத்திலிருந்து அடுக்கி, சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையலிட்டு நடுவில் வந்து முடிப்பர். நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணிகளைப் பூப்போல் வைத்துத் தைப்பர். அப்பூ இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் கருத்து. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், நைந்த வேலையுடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஊஸ்டன், நியூயார்க் நகரங்களின் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. கந்தைதானே என்று எவரும் இகழ வேண்டா.

திருநெல்வேலிச் சீமைக்கும் ஊசி வேலை புதியதன்று. இராதாபுரம் வட்டாரத்தில் உள்ள இடையன்குடியில், கால்டுவெல் அவர்களின் துணைவியார் எலிசா அம்மையார் 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலையைக் கற்பித்தார். நாகர்கோவிலில் அவருடைய அன்னையார் மார்த்தா மால்ட் முன்னரே அதனைத் தொடங்கியிருந்தார். ஒட்டுத்துணிப் போர்வை அங்கே மரபாக வளர்ந்ததாக நாம் அறியோம். ஆனால் இராதாபுரத்தில் நாம் ஆசிரியப் பணி செய்த காலத்தில், தையல் வகுப்பில் ஒன்று கண்டோம். வீட்டில் ஓலைப்பெட்டி முடையும் சிறுமியர் கருமையும் வெண்மையும் மாறிமாறி வரும் அமைப்பை ஒரே முறையில் பிடித்துக்கொண்டனர். பனையோலை முடைச்சல் அவர்கள் விரலில் இருந்தது. நம் ஆசிரியப் பயிற்சியில் படித்த தையல் நூலைவிட அதுவே அவர்களுக்குத் துணை நின்றது.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

வேண்டுவன: பழைய பருத்திச் சேலைகள் இரண்டு, ஒன்று அடர் நிறமும் மற்றொன்று வெளிர் நிறமுமாக; நடுவில் வைக்கப் பழைய வேட்டி; அடித்துணிக்கு இன்னொரு சேலை; ஊசி, குண்டூசி, பருத்தி நூல், பென்சில், மூன்றங்குலச் சதுர அட்டை ஒன்று. பட்டு வேண்டா. நம்மில் பலர் அதனை விலக்கும் காரணம் இவ்விதழ் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் முறைப்படியும் பட்டும் பருத்தியும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. செயற்கை இழைச் சேலையும் கூடாது. மடித்துத் தேய்த்தால் மடிப்பு நில்லாது.

சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடங்களைப் பென்சிலால் வளைத்துக் குறியுங்கள். மற்ற இடங்களை இரு கட்டைவிரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, கிழியாத பகுதியை மட்டும் கொள்க. பெரும்பாலும் குதிகாலில் உரசும் கரையோரமும் இடுப்பில் செருகும் இடமும் நைந்திருக்கும். முந்தானை நன்றாக இருக்கும். புதிய ரவிக்கைத் துணி கலப்பதாயின் அதனை முன்னதாக நனைத்து உலர்த்துக. சாயம் போகிறதா என்று ஈரத்துணியை வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துக்கொள்வதும் நன்று.

துணியின் பின்புறத்தில் அட்டையை வைத்து, அதன் ஓரங்கள் பாவும் ஊடையுமாகிய இழைகளோடு ஒத்து நிற்குமாறு, சுற்றிலும் கோடிடுக. மூலைவாட்டமாக வைத்தால் கட்டம் இழுபட்டு வடிவு கெடும். கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுக. ஆக, வெட்டிய கட்டம் மூன்றரை அங்குலம் இருக்கும். வெட்டிய விளிம்பு சற்று வளைந்தாலும் குற்றமில்லை. நாம் தைப்பது பென்சில் கோட்டின் மேல்; அது நேராக இருத்தல் வேண்டும்.

ஒரு சதுரத்திற்கு ஒன்பது கட்டங்கள். முதல் வரிசையில் அடர், வெளிர், அடர். இரண்டாம் வரிசையில் வெளிர், அடர், வெளிர். மூன்றாவது முதல் வரிசை போன்றது. இரு கட்டங்களை நல்ல முகம் உட்புறமாக வைத்து, கோடுகள் பொருந்தக் குண்டூசி குத்துக. நூல் ஒரு முழத்திற்கு மிகாதிருக்கட்டும். நீண்ட நூல் முறுக்கிக்கொள்ளும், துணியில் உரசி வலுவிழக்கும். தொடக்கத்தில் ஒரு பின் தையல், பின்னர் அங்குலத்துக்கு எட்டு என்ற கணக்கில் ஓட்டுத் தையல், முடிவில் மீண்டும் பின் தையல். நாம் கண்ட சிறுமியர் பலர் விரைவுக்காக நீளத் தையல் இடுவர். அது முதற் சலவைக்கே வாய் திறக்கும்.

வரிசைகள் மூன்றும் முடிந்ததும் தையல் விளிம்புகளை அடர் நிறப் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுக. விளிம்பு வெளிர் துணியின் கீழ்க் கிடந்தால் நிழலாகத் தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. முதல் வரிசையில் அடர் கட்டங்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால் விளிம்புகள் வெளிப்புறம் சாயும். இரண்டாம் வரிசையில் அடர் கட்டம் நடுவில் இருப்பதால் உட்புறம் சாயும். வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது எதிரெதிர் சாய்ந்த விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். சந்திப்பில் துணி தடிக்காது, மூலைகளும் நேர்ப்படும். முதலில் சந்திப்புகளில் குண்டூசி குத்தி, பிறகே ஓரங்களில் குத்துக. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பின் தையல் இடுக. தைத்து முடிந்த சதுரம், சுற்றிலும் விட்ட கால் அங்குலம் உட்பட, ஒன்பதரை அங்குலம் இருத்தல் வேண்டும்.

இல்லையெனில் அளவுகோலைக் குறை கூற வேண்டா. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். கோட்டுக்கு உட்புறம் அரை நூல் தள்ளித் தைத்தால், ஒரு தையலில் இருபுறமும் சேர்ந்து ஒரு நூல் போகும். சதுரத்தின் குறுக்கே இரு தையல்கள். இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் குறையும். தனியே பார்த்தால் தெரியாது. அக்கா தைத்த சதுரத்தோடு தங்கை தைத்ததைச் சேர்க்கும்போது ஒன்று புடைக்கும், மற்றொன்று இழுக்கும். ஆகவே பலர் கூடித் தைப்பதாயின் ஒரே அட்டையைப் பயன்படுத்துவது நலம்.

குழந்தைப் போர்வைக்கு அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என இருபது சதுரங்கள் போதும். முப்பத்தாறுக்கு நாற்பத்தைந்து அங்குலம் ஆகும். எல்லாம் ஒரே அமைப்பாயின், இரு சதுரங்கள் சேருமிடத்தில் அடர் கட்டங்கள் அருகருகே வந்துவிடும். எனவே பத்துச் சதுரங்களில் அடர் ஐந்து, வெளிர் நான்கு. மற்றப் பத்தில் வெளிர் ஐந்து, அடர் நான்கு எனத் தைத்து மாற்றி மாற்றி வைக்க. நிறத்துக்குத் தொண்ணூறு கட்டங்கள் வேண்டும். நாற்பத்தைந்து அங்குல அகலத் துணியில் ஒரு கஜத்துக்கு நூற்றிருபது கட்டங்கள் கிடைக்கும். ஆறு கஜச் சேலையில் பாதி நைந்திருந்தாலும் முந்நூற்றறுபது கட்டங்கள். அதாவது அன்னையின் ஒரே சேலை நான்கு போர்வைகளில் இடம்பெறும். ‘அம்மா சேலை யாருக்கு?’ என்று மக்கள்மார் மனம் வருந்திய இல்லங்களை நாம் அறிவோம். இக்கணக்கை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

அடித்துணியை நாற்பதுக்கு நாற்பத்தொன்பது அங்குலமாக வெட்டி, அதன்மேல் வேட்டியையும் தைத்த பரப்பையும் விரித்து, பெரிய தையலாகக் கச்சாத் தையல் இட்டுப் பிணைக்க. இலவம் பஞ்சு தலையணைக்கே ஆகும். துவைத்தால் உருண்டு திரளும். இராதாபுரத்து ஆடிக் காற்றுக்குப் பஞ்சுப் போர்வையும் மிகை. ஒரு வேட்டி போதும். பின்னர் நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று அடுக்கும் பிடிபட, இரு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல் இடுக. சித்திப் பெண்டிர் துண்டுகளை அவ்வப்போது வைத்துத் தைப்பதால் ஓரத்திலிருந்து வரலாம். நாம் முன்பே பரப்பைத் தைத்துவிட்டதால் ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் சேரும். இறுதியாக, வெளியே நீண்ட அடித்துணியை ஓர் அங்குலமாக நறுக்கி, இருமுறை மேற்புறம் மடித்து, மடிப்புத் தையலால் மூடுக.

வெட்டிய கட்டங்களில் நிறத்துக்குப் பத்தாவது தனியே எடுத்து, போர்வையோடு சேர்த்தே துவைத்து உலர்த்தி வாருங்கள். பின்னாளில் ஒரு கட்டம் நைந்தால் அதன்மேல் ஓரம் மடித்துத் தைக்க, அதே அளவு வெளுத்த துணி கையில் இருக்கும்.