காவலும் ஆக்கமும்

ஓடம் கட்டுவோர் பலகை இடுக்குகளை நீரில் இறக்குமுன்னரே அடைப்பர். கப்பல்துறைச் சிறுவரும் அறிந்த இவ்வுண்மை மென்பொருளாக்கத்துக்கும் பொருந்துவதாம்.

படிவம் நிரப்பல், பட்டியல் ஒப்புநோக்கல் முதலாய எழுத்தர் பணிகளைத் தானே இயற்றும் மென்பொருளை 'ரொபோட்டிக் புரொசெஸ் ஓட்டோமேஷன்' என்பர். அதனை 'அஜைல்' முறையில், சில வாரத்துக்கொரு பகுதியாக ஆக்குதல் இக்கால வழக்கு. விரைவு நன்றே, காவலை இறுதிக்கு ஒத்திவைத்தல் தீது. கடவுச்சொல்லைக் கைக்கொண்ட கள்வனையும் உரியவனென்றே கணினி கொள்ளுமன்றோ?

2016 பெப்ரவரியில் பங்களாதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த கள்வர், நியூயோர்க்கிலிருந்த அதன் பணத்தைக் கவர 35 பொய்யாணைகள் விடுத்தனர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குச் சென்றது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலரோ மீண்டது. பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச்சொல் பிழைபட்டிருக்கக் கண்டு, இடைநின்ற வங்கியார் ஐயுற்று வினவியமையே காரணம். எழுத்துப்பிழை திருத்தியே காலங்கழிக்கும் எமக்கு இச்செய்தி உவகை தந்தது. உடனே அச்சமுந் தந்தது.

ஆதலின், ஒவ்வொரு பகுதியும் முற்றுப்பெறுமுன் நான்கினைச் சோதித்தல் வேண்டும். மென்பொருளுக்குத் தனிக் கணக்கும் பணிக்கு வேண்டிய உரிமையும் மட்டுமே அளித்தல் ஒன்று. கடவுச்சொல்லை நிரலுள் எழுதாது, மறைகுறியாக்கிய தனிப் பெட்டகத்தில் வைத்தல் இரண்டு. செயற்பதிவேட்டை அம்மென்பொருளே அழிக்கவியலாவாறு அமைத்தல் மூன்று. வழக்கத்துக்கு மாறான தொகை வரின், நின்று மனிதரை வினவச் செய்தல் நான்கு.

மாணவ மணிகாள்! கள்வர் பிழைவிடுவாரென நம்பியிருத்தல் காவலாகாது. வினவும் இயல்பை மென்பொருளுக்கு முதல்வாரத்திலேயே கற்பிப்பீராக.