ஜாடை காட்டாதே, வாயைத் திறந்து சொல்லு!

வீட்ல ஒருத்தருக்கு ஆஸ்பெர்ஜர்னு டாக்டர் சொல்லிட்டாரா? முதல்ல அந்த போனைக் கீழே வை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்டதையும் தேடிப் படிச்சுட்டு, காலையில அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்த்து நீ அழுதா, எதுக்குன்னே அவனுக்குப் புரியாது. உனக்கு வேலை தலைக்கு மேல கிடக்குன்னு தெரியும். அவசியமானதை மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ.

1. ரிப்போர்ட்ல 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்'னு எழுதியிருந்தா பதறாதே. டாக்டர் மாத்தி எழுதலை. பேச்சு தாமதமாகாம, அறிவுத்திறன்லயும் குறை இல்லாம இருந்தவங்களைத்தான் ஆஸ்பெர்ஜர்னு தனியா சொல்லிட்டிருந்தாங்க. 2013-ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு அந்தத் தனிப்பேரை எடுத்துட்டு ஆட்டிசத்தோட சேர்த்துடுச்சு. 2022-ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனப் பட்டியலும் அப்படித்தான்.

2. இதுதான் முக்கியம், நிதானமா படி. நம்ம வீடுகள்ல பாதிப் பேச்சு ஜாடையிலதான் ஓடுது. அவனுக்கு அது எட்டாது. "குப்பை நிறைஞ்சு வழியுதே"ன்னு நீ சொன்னா "ஆமா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவான். திமிர்னு நினைச்சுக் கத்தாதே. நீ தகவல் சொன்னே, அவன் ஒத்துக்கிட்டான், அவ்வளவுதான். "இந்தக் குப்பையைக் கீழே கொட்டிட்டு, காலி பக்கெட்டை மேல எடுத்துட்டு வா"ன்னு சொல்லிப் பாரு, வேலை முடியும். பக்கெட்டைச் சொல்லாம விட்டா பக்கெட் கீழேயே நிக்கும்! "சீக்கிரம் வா" வேண்டாம், "ஏழு மணிக்கு வா"ன்னு சொல்லு.

வீட்டுக்காரருக்கு இருந்தாலும் இதேதான். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பாத்திரத்தை டமால் டமால்னு வச்சா, அவருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உன்மேல அக்கறை இல்லைன்னு நீயா முடிவு கட்டாதே. "எனக்குத் தலை வலிக்குது, ராத்திரி தோசை நீங்க ஊத்துங்க"ன்னு சொல்லு.

மாமா வந்து "இளைச்சுட்டேனாடா?"ன்னு கேட்டு, பையன் "இல்ல, தொப்பை பெருசாயிருக்கு"ன்னு சொல்லிட்டானா? எல்லார் முன்னாடியும் திட்டாதே. கேட்டதுக்கு உண்மையைச் சொன்னான், எதுக்குத் திட்டறேன்னு புரியாம தவிப்பான். அவங்க போனப்புறம் தனியா உட்கார்ந்து, "ஒருத்தரோட உடம்பைப் பத்தி நாம அபிப்பிராயம் சொல்ல வேண்டாம், அவங்களுக்கு வருத்தமா இருக்கும்"னு காரணத்தோட சொல்லு. காரணம் புரிஞ்சா பிடிச்சுக்குவான்.

3. மிக்ஸி போடறதுக்கு முன்னாடி "மிக்ஸி போடறேன்"னு ஒரு குரல் கொடு. உனக்குச் சாதாரணமா இருக்கற சத்தம் அவனுக்கு வலியாவே இருக்கலாம். சட்டைக் காலர்ல இருக்கற லேபிளும் அப்படித்தான். அதைக் கத்தரியால பாதியில வெட்டாதே, மிச்ச நுனி இன்னும் மோசமா குத்தும். தையலைப் பிரிச்சு முழுசா எடுத்துடு. புதுச் சட்டையை ரெண்டு தடவை துவைச்சுட்டுக் கொடு.

4. கல்யாண வீடுன்னா முந்தின நாளே வரிசையா ஒரு தாள்ல எழுதிக் கொடு: எத்தனை மணிக்குக் கிளம்பறோம், எங்கே உட்காரறோம், எப்போ கெட்டிமேளம், எந்தப் பந்தி, எப்போ திரும்பறோம். மண்டபத்துக்குள்ள போனதுமே, சத்தம் குறைவா ஒதுங்கி உட்கார ஒரு இடம் பார்த்து அவனுக்குக் காட்டிடு. எல்லா அத்தை சித்தி காலிலேயும் விழ வைக்கணும், எல்லா போட்டோவுலயும் நிக்க வைக்கணும்னு அடம்பிடிக்கிறது நீதான், அவன் இல்லை. முகூர்த்தம் பார்த்து, முதல் பந்தியில சாப்பிட்டுக் கிளம்பு. யாராவது கேட்டா "அவனுக்குக் கூட்டம் ஒத்துக்காது"ன்னு ஒரே வரி போதும்.

5. எல்லாம் மீறிப் போய்க் காதைப் பொத்திக்கிட்டு அலறறானா? அது பிடிவாதம் இல்லை. பிடிவாதம்னா கேட்டதைக் கொடுத்ததும் நின்னுடும், இது நிக்காது. அந்த நேரத்துல புத்தி சொல்லாதே, கேள்வி கேட்காதே, கேட்காமக் கட்டிப் பிடிக்காதே. அடிபடாம மட்டும் பார்த்துக்கோ. விளக்கைக் குறை, டிவியை நிறுத்து, வேடிக்கை பார்க்கறவங்களை வெளியே அனுப்பு. அடங்கினதும் தண்ணி கொடு. பேச்சு மறுநாள் இருக்கட்டும்.

6. "கண்ணைப் பார்த்துப் பேசு"ன்னு தாடையைப் பிடிச்சுத் திருப்பாதே. பார்க்க வச்சா, கேட்கறது விட்டுப்போகும்.

7. பஸ் ரூட்டெல்லாம் மனப்பாடமா வச்சிருந்து, 29சி எந்தெந்த ஸ்டாப்ல நிக்கும்னு ஒப்பிக்கிறானா? "போதும் நிறுத்து"ன்னு வெட்டாதே. அவன் உன்கிட்ட பிரியமா பேசறது அப்படித்தான். நேரம் இல்லைன்னா "இப்போ சமையல், எட்டரைக்கு உட்கார்ந்து கேட்கறேன்"னு சொல்லு. எட்டரைக்குக் கண்டிப்பா உட்காரு, அவன் மறக்க மாட்டான்.

8. பெண் பிள்ளைன்னா இன்னும் கவனம். பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைங்களைப் பார்த்து அப்படியே நடிச்சுச் சமாளிச்சுட்டு, வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துடுவா. டீச்சர் "அங்கே நல்லாத்தானே இருக்கா"ன்னு சொல்றதை மட்டும் நம்பாதே. வந்ததும் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காம விடு.

9. "முழுசா குணப்படுத்தறோம்"னு மருந்து விக்கறவங்ககிட்ட ஒரு பைசா கொடுக்காதே. ஆட்டிசத்தைப் போக்கற மருந்தே கிடையாது. கூடவே வர்ற பதற்றத்துக்கும் தூக்கக் குறைவுக்கும் வைத்தியம் உண்டு, அதுக்கு டாக்டர்கிட்ட போ. தடுப்பூசியாலதான் வந்ததுன்னு யாராவது உன்னைக் குத்திக் காட்டினா காதுல போட்டுக்காதே. 1998-ல அந்தப் புரளியைக் கிளப்பின ஆராய்ச்சிக் கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல திரும்ப வாங்கிடுச்சு.

10. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கற வேலையைத் தள்ளிப் போடாதே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு. பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் மாதிரி சலுகை வேணும்னா தேர்வுக்கு ரொம்ப முன்னாடியே பள்ளிக்கூடத்துல கேளு. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசோட நிறுவனம் இருக்கு, அங்கேயும் போய்ப் பார்க்கலாம்.

11. கூடப் பிறந்தவளை மறந்துடாதே. "நீதானே பெரியவ, விட்டுக் கொடு"ன்னு தினமும் அவ தலையிலேயே கட்டாதே. "எங்களுக்கப்புறம் நீதான் அவனைப் பார்த்துக்கணும்"னு பத்து வயசுப் பொண்ணுகிட்ட சொல்லவே சொல்லாதே. வாரத்துல ஒரு சாயங்காலம் அவளை மட்டும் கூட்டிட்டு வெளியே போ. அவன் பேச்சை எடுக்காம, அவ கிளாஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேளு.