ஆஸ்திரேலிய ஐக்கியம்

ஒரே முடிக்குக் குடிகளாய், ஒரே பாஷை பேசுவோராயிருந்தும், ஆஸ்திரேலியாவிற் குடியேறியோர் ஆறு சர்க்கார்களாய்ப் பிரிந்து நின்றனர். மரே நதியைக் கடக்கும் சரக்கிற்குச் சுங்கம் வாங்கப்பட்டது. விக்டோரியாவின் தண்டவாளம் 5 அடி 3 அங்குல அகலம். நியூ சவுத் வேல்ஸினுடையதோ 4 அடி 8½ அங்குலம். ஆகவே மெல்போர்னிலிருந்து சிட்னி செல்வோர் எல்லையில் ஆல்பரியென்னும் ஊரில் வண்டி மாறினர். இத்தொல்லை, ஐக்கியம் ஏற்பட்ட பின்னரும் 1962 வரை தீரவில்லையென்பது வியப்பே.

1889-ல் ஸர் ஹென்ரி பார்க்ஸ் டென்டர்பீல்டில் ஐக்கியத்தை வற்புறுத்திப் பிரசங்கித்தார். 1891-ல் சிட்னி மகாநாடு வரைந்த சட்ட நகல் கிடப்பிற் கிடந்தது. பிற்பாடு பெரும்பாலும் ஜனங்களே தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் 1897-98-ல் கூடிப் புதிய நகல் வகுத்தனர். அதனையும் ஜனங்களிடமே வாக்கிற்கு விட்டமையே காரியசித்திக்கு ஏதுவென்பது எமது கருத்து. 1898-ல் நியூ சவுத் வேல்ஸில் சம்மதித்தோரே மிகுதியாயினும், வேண்டிய 80,000 வாக்குகள் சேரவில்லை. தலைநகர் அந்நாட்டினுள், ஆயின் சிட்னிக்கு 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் அமையுமென்று உடன்பட்ட பின்னரே, 1899-ல் அது இணங்கிற்று.

ஜனம் மிகுந்த நாடுகள் தம்மை விழுங்குமென்று சிறியவை அஞ்சின. ஆகையால் மேற்சபையில் ஒவ்வொன்றிற்கும் ஆறு ஸ்தானங்கள் சமமாய் அளிக்கப்பட்டன. சின்னஞ்சிறு டாஸ்மேனியாவிற்கும் அவ்வாறே. மேற்கு ஆஸ்திரேலியா 1900-ல் கடைசியாய்ச் சேர்ந்தது. நியூசீலந்து சேரவேயில்லை. 1901 ஜனவரி 1-ல் ஐக்கியம் உதயமாயிற்று.

இங்ஙனம் நுட்பமாய்ப் பங்கிட்ட அச்சாசனமே, அக்கண்டத்தின் ஆதிக்குடிகளை ஜனத்தொகைக் கணக்கிற் சேர்க்கலாகாதென 127-ஆம் பிரிவில் விதித்தது. அப்பிரிவு 1967-ல் ஜனங்களின் வாக்கினாலேயே நீக்கப்பட்டது.