ஈரவலையோடு இன்னோர் ஏரிக்குப் போகாதீர்: பலேர்மோ நீர்த்தேக்கங்களில் கெண்டை பிடிப்போருக்கான பருவகால ஆலோசனை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் இந்நாள்களில் பலேர்மோ நகரத் தெருக்களில் வெயில் இதமாக உறைக்கத் தொடங்கினாலும், நகருக்குப் பின்னாலுள்ள மலைகளின் நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. கெண்டையின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தைப் பின்பற்றி ஏறி இறங்குவதால், நீர் ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்வரை அம்மீன் ஆழத்தில் ஒதுங்கி மிகக் குறைவாகவே இரை எடுக்கும். 12 டிகிரியைத் தாண்டும்போது கரையை நோக்கி நகரும். 17, 18 டிகிரியை எட்டியபின் முட்டையிட ஆயத்தமாகும். ஆகவே தூண்டில்காரரின் பருவத்தைத் தொடங்கிவைப்பது நீரில் அமிழ்த்திய வெப்பமானியே அன்றி நாள்காட்டி அன்று.

பலேர்மோவுக்குக் குடிநீர் தரும் நான்கு நீர்த்தேக்கங்களும் ஒரே நேரத்தில் வெதுவெதுப்படைவதில்லை. யாத்தோ ஆற்றைத் தடுத்து எழுந்த போமா ஏரியும், கக்காமோ கோட்டைக்குக் கீழே சான் லெயோனார்தோ ஆற்றில் அமைந்த ரோசமரினாவும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் இருப்பதால் முதலில் விழித்துக்கொள்கின்றன. ஸ்கன்சானோவும், 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட பியானா தெல்லி அல்பனேசி ஏரியும் 500, 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சில வாரங்கள் பிந்துகின்றன. இந்த முன்பின்னைக் கணித்து, மார்ச்சில் தாழ்ந்த ஏரியிலும் ஏப்ரலில் உயர்ந்த ஏரியிலும் தூண்டில் போடுவது திறமையானவர்களின் வழக்கம். அந்த வழக்கம்தான் இவ்வாலோசனை எழுதப்படுவதற்கும் காரணம். வெப்பத்தைத் துரத்தி ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் போகும் மனிதரோடு அவருடைய வலையும் விரிப்பும் காலணியும் சேர்ந்தே போகின்றன. அவை ஈரமாகப் போனால் என்ன ஆகும் என்பது பின்னர் விரிவாகச் சொல்லப்படும்.

இங்கே கெண்டை எனப்படுவது தமிழக ஆறுகளில் துள்ளும் சிறு கெண்டையோ, கட்லா, ரோகு முதலிய இந்தியப் பெருங்கெண்டைகளோ அன்று. வாயோரத்தில் இரு இணை மீசைகள் கொண்டு, சேற்றைக் கிளறி மேயும் சாதாக்கெண்டை, அதாவது அறிவியலார் சைப்ரினஸ் கார்பியோ என்று வழங்கும் இனம். அதன் ஒரு வகையான, உடலில் சில பெரிய செதில்கள் மட்டும் கொண்ட கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது என்பதால், உதகை ஏரியை அறிந்தவர்களுக்கு இம்மீன் புதிதன்று. சிசிலிக்கும் இது வெளியிலிருந்து வந்த மீனே.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டின் தங்கூசி நரம்பைக் கழற்றி எறிந்து புதியது சுற்ற வேண்டும். வெயிலும் கல்லும் பட்ட நரம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் முடிச்சில் அறும். ரீலைத் திறந்து பழைய கிரீசைத் துடைத்துப் புதியது இட வேண்டும். கொக்கியின் முனையை நகத்தின்மேல் இழுத்துப் பார்த்து, வழுக்கினால் மாற்ற வேண்டும். மீன் கடிப்பதை ஒலித்துச் சொல்லும் மின்கருவியின் பழைய பேட்டரியை அகற்ற வேண்டும். ஈயக்குண்டு, நரம்பு அறுந்தால் தானே கழன்று விழும் வகையில் கட்டப்பட வேண்டும். இல்லையேல் மீன் அதை இழுத்துக்கொண்டே திரிந்து மடியும். கார்பன் இழைத் தூண்டிற்கோல் மின்சாரத்தைக் கடத்தும். மேலே கம்பி செல்லும் இடத்தில் கோலை உயர்த்தக் கூடாது. நீர் வடிந்த கரையின் வண்டல் மேலே உலர்ந்து வெடித்திருந்தாலும் அடியில் குழைந்திருக்கும். அதில் இறங்கக் கூடாது. அனுமதியும் தடைப்பலகையும் ஏரிக்கு ஏரி மாறும். கடலில் மீன்பிடிப்பதற்கான பதிவு ஏரிக்குச் செல்லாது.

இரையில் மட்டும் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பருவத்தொடக்கத்தில் பெரும்பாலோர் மிகுதியாலேயே கெடுக்கிறார்கள். பாய்லி எனப்படும் இரை, ரவையும் சோயா மாவும் மீன்தூளும் முட்டையில் பிசைந்து உருட்டி, கொதிநீரில் வேகவைத்த உருண்டை. முட்டை வெந்து மேல்தோல் இறுகுவதால் சிறுமீன்கள் அதைக் கொத்திக் கரைக்க இயலாது. கொக்கியில் நேரே குத்தாமல், கொக்கிக்குக் கீழே நீட்டிவிட்ட சிறு இழையில் கோத்துக் கட்டும் முறை 1980ஐ ஒட்டி இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் ஆகியோரால் அறிமுகமானது. இரையை வாய்க்குள் உறிஞ்சி ஐயுற்று உமிழும் கெண்டையின் உதட்டில் வெற்றுக்கொக்கி தைத்துக்கொள்வதே அதன் சூட்சுமம். மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் மலிவானவை, நல்ல பலன் தருபவை. ஆனால் அவற்றை ஒரு முழு நாள் ஊறவைத்து, நகம் இறங்கும் பதத்துக்கு வேகவைத்த பின்பே நீரில் இட வேண்டும், ஏனெனில் வேகாத பருப்பு மீனின் குடலில் ஊதும். 10, 12 டிகிரி நீரில் கெண்டையின் செரிமானம் மந்தமாக இருப்பதால் ஒரு கைப்பிடி இரையே போதும்; வாளி வாளியாகக் கொட்டுவது அடியில் அழுகி, குடிநீராகவும் பயன்படும் ஏரியைக் கெடுக்குமே தவிர மீனை வரவழைக்காது.

இனி, இவ்வாலோசனையின் உயிர்ப்பொருள். ஓர் ஏரியில் நனைந்த ஏந்துவலையும், மீனைக் கிடத்தும் விரிப்பும், எடைபார்க்கும் தூளிப்பையும் முற்றிலும் உலராமல் இன்னோர் ஏரியின் நீரைத் தொடக் கூடாது.

இவ்விதிக்குக் காரணம் ஒரு நோய்: கோய் ஹெர்பிஸ் தீநுண்மி நோய். 1990களின் இறுதியில் இஸ்ரேலில் பெருஞ்சாவுகளை உண்டாக்கியபோது அடையாளம் காணப்பட்ட இத்தீநுண்மி, சாதாக்கெண்டையையும் அதன் அழகு வளர்ப்பினமான கோயையும் தாக்கும், மனிதருக்குத் தொற்றாது. நோய் தொற்றிய மீன்கூட்டத்தில் பத்துக்கு எட்டு மீன்களும் அதற்கு மேலும் மடிவதுண்டு. செவுள்கள் திட்டுத்திட்டாக வெளுத்து அழுகுதல், கண்கள் உள்வாங்குதல், தோலில் சளி மிகுதியாகச் சுரந்து பின்னர் மணற்காகிதம்போல் சொரசொரத்தல், நீர்மட்டத்தில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தல் ஆகியன அறிகுறிகள். அறிகுறி தோன்றிய ஓரிரு நாள்களில் மீன் சாகும். 2003இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியில் வளர்ப்புக் கெண்டைகள் ஆயிரம் டன்னுக்கு மேல் மாண்டன. அடுத்த ஆண்டு பிவா ஏரியில் இயற்கையாக வாழ்ந்த கெண்டைகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்து மிதந்தன.

வசந்தத்தை இந்நோயின் காலமாக ஆக்குவது நீரின் வெப்பமே. ஏறத்தாழ 16 முதல் 28 டிகிரி வரையுள்ள நீரில் இத்தீநுண்மி பெருகிக் கொல்லும். அதற்குக் கீழே மீனின் உடலில் சத்தமின்றித் தங்கியிருக்கும். ஆகவே மார்ச்சில் 12 டிகிரி நீரில் பிடிபட்டு, பளபளவென்று மின்னி, வலிமையாக இழுத்து, படம் எடுக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட மீன் நோய் தாங்கியதாக இருக்கலாம், பார்ப்பவருக்கு எந்த அடையாளமும் தெரியாது. நோயிலிருந்து பிழைத்த மீனும் தீநுண்மியை நெடுங்காலம் உடலில் சுமக்கும். ‘நல்ல மீன்தானே பிடித்தோம், வலைக்கு என்ன வந்தது’ என்று கேட்பவருக்கு இதுவே விடை. மேலும், இத்தீநுண்மி மீனின் உடலுக்குள் நுழையும் முதன்மையான வாயில்களுள் ஒன்று தோல். தோலைக் காக்கும் சளிப்படலத்தை முரட்டு வலையும் உலர்ந்த கையும் உரித்துவிடும். உரிந்த அவ்விடத்தில், முந்தைய ஏரியின் சளி ஒட்டிய வலை உரசுகிறது. நோயைப் பரப்ப இதைவிட வசதியான முறையை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

வறட்சி இந்த ஆபத்தைப் பெருக்கியுள்ளது. 2024 மே மாதத்தில் சிசிலியின் வறட்சிக்காக இத்தாலிய அரசு நெருக்கடிநிலை அறிவித்ததும், அவ்வாண்டு அக்டோபரில் பலேர்மோவில் தண்ணீர் முறைவைத்து வழங்கப்பட்டதும் நகரவாசிகளின் நினைவில் இருக்கும். குழாயில் நீர் நின்றதைக் கண்டவர்கள், ஏரியில் மீன்கள் எப்படி நெருங்கின என்பதை எண்ணியிருக்க மாட்டார்கள். நீர் சுருங்கும்போது அதே எண்ணிக்கையிலான மீன்கள் சிறிய பரப்பில் உடலோடு உடல் உரசி வாழ்கின்றன. நீர் விரைவில் சூடேறி, உயிர்வளி குறைந்து, அவற்றின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. அத்தகைய நிலையில்தான் ‘இந்த ஏரி வற்றிவிட்டது, அடுத்ததற்குப் போவோம்’ என்று தூண்டில்காரரும் கிளம்புகிறார், அதே மாலையில், அதே வலையோடு.

செய்ய வேண்டியது கடினமானதன்று. கரையைவிட்டுப் புறப்படுமுன் வலை, விரிப்பு, தூளி, காலணி ஆகியவற்றில் ஒட்டிய சேறும் பாசியும் சளியும் அதே ஏரியின் கரையிலேயே அகற்றப்பட வேண்டும். வீட்டில் அவற்றைச் சூடான நீரில் அலச வேண்டும். ஆய்வுகளில் இத்தீநுண்மி 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் விரைவில் செயலிழந்துள்ளது. பின்னர் வெயிலில் விரித்துப் போட்டு, தொட்டால் உலர்ந்தபிறகும் மேலும் இரண்டு முழு நாள்கள் காயவிட வேண்டும். பாலாரோ பகுதியின் ஒடுங்கிய மாடங்களில் துணிக்கே இடமில்லை என்பது உண்மைதான்; மொட்டைமாடிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பஞ்சு திணித்த விரிப்பு, மேலே காய்ந்திருந்தாலும் தையல் ஓரங்களில் நாள்கணக்கில் ஈரம் வைத்திருக்கும், ஆதலால் அதைத் திருப்பிப் போட்டு, மடிப்பைப் பிரித்து, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மீனைக் கிடத்துமுன் விரிப்பை நனைப்பது சரியே. ஆனால் அது அப்போது, அந்த ஏரியின் நீரால் நனைய வேண்டுமே தவிர, வீட்டிலிருந்து ஈரமாக வரக் கூடாது.

சாக்குகள் ஏராளம். மீன் ஒன்றும் படவில்லை, எனவே வலை சுத்தம் என்பார் ஒருவர். அவருடைய விரிப்பும் காலணியும் நாள் முழுவதும் கரைச்சேற்றில் கிடந்தன. வழியில் மொந்தெல்லோ கடற்கரையில் கடல்நீரில் முக்கி எடுத்தேன் என்பார் இன்னொருவர். முக்கி எடுத்தல் உலர்த்துதல் ஆகாது. காரின் பின்பெட்டியில் மூன்று நாள் கிடந்தது என்பவருக்கு, பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கட்டிய வலை மூன்று நாளில் நாறுமே அன்றி உலராது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருந்தத்தக்கது. மீன்பிடிக்கோலுக்கு நூற்றுக்கணக்கான யூரோ செலவழிப்பவர், ஏரிக்கு ஒன்றாக இரண்டாவது வலை வாங்கத் தயங்குவது எவ்வகைச் சிக்கனம் என்பது விளங்கவில்லை. உலர்த்த நேரமில்லை என்றால், இரண்டாவது ஏரிக்குப் போகாதிருப்பதே வழி.

இதனினும் கொடிய ஒன்றுண்டு: வற்றும் குட்டையிலிருந்து மீன்களைக் ‘காப்பாற்றி’, வாளியில் போட்டு மற்றோர் ஏரியில் விடுவது. இரக்கத்தால் செய்யப்பட்டாலும், வலை சுமப்பது சளித்துளி என்றால் வாளி சுமப்பது நோய் முழுவதையும். வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன கோய் மீன்களையும் தங்கமீன்களையும் ஏரியில் கொட்டுவதும் இதே வகை. வெளியினங்களை இயற்கை நீர்நிலைகளில் விடுவதை 1997ஆம் ஆண்டின் 357ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை இத்தாலி முழுவதும் தடைசெய்துள்ளது என்பதால் அது சட்டமீறலும் ஆகும். மீன் எதுவும், எந்தக் காரணத்துக்காகவும், ஏரி மாறக் கூடாது.

முட்டையிடும் காலத்தில், ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும், கெண்டைகள் ஆழமற்ற புல்லோரங்களில் கூட்டமாகத் தண்ணீரை அடித்துக் கலக்கும்போது, அவ்விடத்தில் தூண்டில் போடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்போது அவை இரைக்கு மயங்குவதில்லை. உடலுரசலால் தோல் உரிந்து, நோய்க்கு மிக எளிதில் இலக்காகும் நிலையில் இருக்கின்றன. முட்டையிட்ட களைப்பில் ஒன்றிரண்டு மீன்கள் இறப்பது இயல்பு. ஆனால் கண் உள்வாங்கிய, செவுள் வெளுத்த மீன்கள் பல ஒரே நேரத்தில் ஒதுங்கினால், அவற்றைத் தொடாமலும் எடுத்துச் செல்லாமலும், இடம், நாள், எண்ணிக்கை, நீரின் வெப்பம் ஆகியவற்றைக் குறித்து, படம் எடுத்து, பலேர்மோ மாகாணச் சுகாதார அமைப்பின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சோதனைக்குரிய சிசிலி விலங்குநோய் ஆய்வு நிறுவனமும் பலேர்மோவிலேயே உள்ளது. இறந்து நெடுநேரமான மீனின் உறுப்புகள் சிதைந்துவிடுவதால், அறிவிப்பு அன்றே போய்ச்சேர வேண்டும்.

புனித சூசையப்பர் திருநாளான மார்ச் 19ஐ ஒட்டி போமாவில் பருவத்தைத் தொடங்கி, ஈஸ்டருக்குப் பியானாவுக்கு ஏற நினைப்போர் பலர். மரபுடை அணிந்த பெண்களின் ஊர்வலத்தைக் காணக் கூட்டம் திரளும் அந்த ஞாயிறன்று மலைப்பாதையில் வண்டி நகராது என்பதால் மறுவாரம் போவது நல்லது. அந்த இடைவெளியில் வலையை மாடியில் விரித்து, விரிப்பின் தையல்களை அழுத்திப் பார்த்து, ஈரம் தட்டினால் மீண்டும் காயப்போட வேண்டும்.