நெடுஞ்செழியன்: ஓர் அரிய பெயரின் வரலாறு

பள்ளி வருகைப் பதிவேடுகளில் கவின், தர்ஷன், முகிலன் ஆகிய பெயர்களை இன்று அடிக்கடி காணலாம். நெடுஞ்செழியன் என்னும் பெயரைக் காண்பது அரிது. ஓர் இடைநிலைப்பள்ளியில் இப்பெயருடைய மாணவர் ஒருவர் இருந்தாலே வியப்புத்தான். ஆனால், தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்தப் பெயர் அரியதன்று. ஒருவர் பின் ஒருவராகப் பலர் இதைத் தாங்கியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் கல்வியின் சிறப்பைப் பாடியவன். ஒருவன் இளம் வயதிலேயே பெரும்போரை வென்றவன். தான் வழங்கிய தவறான தீர்ப்புக்காக அரியணையிலேயே உயிர் விட்ட மன்னனின் பெயரும் இதுவே.

முதலில் பெயரின் பொருளைக் காண்போம். நெடுமை, செழியன் என்னும் இரு சொற்கள் சேர்ந்து உருவான பெயர் இது. இவை புணரும்போது நெடுமையின் ‘மை’ விகுதி கெட்டு, சகரத்திற்கு இனமான ஞகரம் இடையில் தோன்றுகிறது. நாம் அன்றாடம் சொல்லும் ‘நெடுஞ்சாலை’யும் இவ்வாறு அமைந்த சொல்லே. சாலைக்கு வரும்போது நெடுமை அதன் நீளத்தைச் சுட்டும். மன்னனுக்கு வரும்போது உயரத்தையும் உயர்ந்த புகழையும் சுட்டும். செழியன் என்பது பாண்டியர்க்குரிய பெயர்களுள் ஒன்று. செழுமை, செழிப்பு ஆகிய சொற்களோடு உறவுடையது. மாறன், வழுதி, தென்னவன் ஆகியனவும் பாண்டியரைக் குறிப்பவையே. ஆகவே நெடுஞ்செழியன் என்றால் ‘உயர்ந்த பாண்டியன்’ என்று பொருள் கொள்ளலாம். ‘நெடு’ என்னும் அடைமொழி பாண்டியர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சேரருள் நெடுஞ்சேரலாதனும் சோழருள் நெடுங்கிள்ளியும் இருந்தனர்.

இந்தப் பெயர் ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் உள்ளது. மதுரைக்கு அருகே மாங்குளத்தில் உள்ள குன்றின் குகைகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சூவெல் என்னும் ஆங்கிலேயர் இவற்றைக் கண்டறிந்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாக இவை கருதப்படுகின்றன. நெடுஞ்செழியனிடம் பணிபுரிந்த கடலன் வழுதி என்பவர், கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்கு அங்கே உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. இங்கே மன்னனின் போரும் வெற்றியும் பேசப்படவில்லை. துறவி ஒருவர் தங்குவதற்குச் செய்து கொடுத்த ஏற்பாட்டோடுதான் அவன் பெயர் நிலைத்திருக்கிறது.

ஒரே பெயர் பலருக்கு இருந்ததால், அவர்களைப் பிரித்தறியச் சங்க நூல்கள் அடைமொழிகளைச் சேர்த்தன. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய பாடல் புறநானூற்றில் 183ஆம் பாடலாக உள்ளது. ஆசிரியருக்குத் துன்பம் வந்தபோது உதவியும், பொருள் கொடுத்தும், வழிபாட்டுக்கு வெறுப்புக் காட்டாமலும் கற்பது நல்லது என்கிறான் அவன். ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுள்ளும் கற்றவன் பக்கமே தாயின் மனம் சாயும் என்றும் கூறுகிறான். மூத்தவனை அழைக்காமல் அறிவுடையவனையே அழைத்து அரசு அவன் வழியில் செல்லும் என்பது அவன் கருத்து. பிறப்பால் அரியணை பெற்ற ஒருவன், பிறப்பைவிடக் கல்வி பெரிது என்று பாடியதுதான் இப்பாடலின் சிறப்பு.

தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் சிறு வயதிலேயே அரியணை ஏறியவன். அவனை எளிதாக வென்றுவிடலாம் என்று எண்ணிய சேரனும் சோழனும் வேளிர் ஐவரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தனர். கால் சதங்கையைக் கழற்றி வீரக்கழல் அணிந்த அவன், குழந்தைகள் அணியும் ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றவில்லை என்று இடைக்குன்றூர்க் கிழார் வியந்து பாடினார். போருக்குப் புறப்படும் முன் அவனே உரைத்த வஞ்சினமும் புறநானூற்றில் உள்ளது. பகைவரை வெல்லாவிட்டால் தன் நிழலில் வாழும் மக்கள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் விடட்டும். இரப்பவர்க்குக் கொடுக்க இயலாத வறுமை தன்னை அடையட்டும் என்கிறான். உயிர் போகும் என்று அவன் அஞ்சவில்லை. மக்களின் பழிச்சொல்லுக்கும் புலவர்களின் மௌனத்திற்கும்தான் அஞ்சினான். போரில் அவனே வென்றான். அவனைத் தலைவனாகக் கொண்டு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, 782 அடிகளுடன் பத்துப்பாட்டிலேயே மிக நீண்ட பாட்டாக விளங்குகிறது. வெற்றி பெற்ற அரசனிடம் உலக நிலையாமையை எடுத்துச் சொல்ல அப்புலவர் தயங்கவில்லை.

மன்னர் வரிசையில் அதிகம் பேசப்படாத நம்பி நெடுஞ்செழியன் என்பவனும் உண்டு. அவன் இறந்தபோது பேரெயின் முறுவலார் பாடிய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. செய்ய வேண்டியவற்றை எல்லாம் குறைவின்றிச் செய்து நிறைவாக வாழ்ந்தவன் அவன்; ஆகையால் அவன் உடலைப் புதைத்தாலும் சரி, எரித்தாலும் சரி என்று புலவர் பாடுகிறார்.

ஆனால், நெடுஞ்செழியன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவன் சிலப்பதிகாரத்துப் பாண்டியனே. அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் கோவலனைக் காட்டிக் கொடுத்தான். மன்னன் தீர விசாரிக்காமல் தண்டனை விதித்தான். நீதி கேட்டு வந்த கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது அதிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. அந்நொடியே, தானே கள்வன் என்று உணர்ந்த மன்னன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். ‘அரசு கட்டிலில் துஞ்சிய’ என்னும் அடைமொழி அவனுக்கு வந்தது இதனால்தான். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனும் இவனும் ஒருவனே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால், அறிவுடையவன் வழியில் அரசு செல்லும் என்று பாடியவனே ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பிச் சறுக்கினான் என்றாகிறது.

தவறிழைத்த ஒரு மன்னனின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாமா? இக்கேள்வி சிலருக்கு எழுவது இயல்பே. மன்னன் செய்தது சிறு பிழையன்று. குற்றமற்ற ஒருவனின் உயிர் அதனால் போயிற்று. மன்னனின் மரணத்தால் கோவலன் மீண்டு வரவும் இல்லை. ஆயினும் காவலர் நிறைந்த அவையில், ஆதரவற்ற ஒரு பெண் காட்டிய சான்றை அவன் மறுக்கவில்லை. காவலனையோ பொற்கொல்லனையோ கை காட்டித் தப்பிக்கவும் முயலவில்லை. இளங்கோவடிகள் அவனைக் கொடுங்கோலனாக மட்டும் படைக்காததற்குக் காரணம் இதுவே. அதனால்தான் இப்பெயரைச் சூட்டத் தமிழர் பிற்காலத்திலும் தயங்கவில்லை.

சங்க காலத்திற்குப் பின் இந்தப் பெயர் மெல்ல மறைந்தது. பிற்காலப் பாண்டியர் சடையவர்மன், மாறவர்மன் ஆகிய பட்டப் பெயர்களைக் கொண்டனர். பொதுமக்களோ பெரும்பாலும் தாங்கள் வணங்கிய தெய்வங்களின் பெயர்களையே பிள்ளைகளுக்குச் சூட்டினர். மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்களின் முனியாண்டி, வீராசாமி, பழனியப்பன் போன்ற பெயர்களும் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் அவற்றுக்கே உரிய வரலாறு உண்டு.

பெயர் மீண்டும் உயிர்பெற்றதற்கு அச்சு நூல்களே வழிவகுத்தன. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஓலைச்சுவடிகளில் கிடந்த மன்னர் பெயர்களை மாணவர்களும் படிக்கும் நிலை வந்தது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் பெயர்களையும் தமிழாக்கத் தூண்டியது. வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தமிழ்ப்படுத்திக்கொண்டார் மறைமலையடிகள். பின்னர்த் திராவிட இயக்கத்தினரும் இவ்வழியைப் பின்பற்றினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாராயணசாமி என்னும் இளைஞர் நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார்.

1920இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்த அந்த நாராயணசாமியே பிற்காலத்தில் ‘நாவலர்’ இரா. நெடுஞ்செழியன் என்று புகழ்பெற்றார். 1967இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றார். கல்வியைப் பாடிய மன்னனின் பெயரைத் தாங்கியவருக்குக் கல்வித்துறையே கிடைத்தது பொருத்தமாகத்தான் இருந்தது. 1969இல் அண்ணா மறைந்தபோதும் 1987இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்கால முதலமைச்சராக இருந்தவர் இவரே. 2000ஆம் ஆண்டில் மறைந்தார். இவருடைய தம்பியும் செழியன் என்னும் பெயரிலேயே நாடாளுமன்றத்தில் பெயர்பெற்றார்.

கடல் கடந்தும் அக்காற்று வீசியது. பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்தார். சீர்திருத்தக் கருத்துகளும் தமிழகத்து இதழ்களும் இங்குள்ள தமிழரிடையே பரவின. இளங்கோ, நெடுமாறன், கண்ணகி ஆகிய பெயர்களைச் சூட்டும் விருப்பமும் அவற்றோடு வளர்ந்தது.

இவ்வளவு இருந்தும் நெடுஞ்செழியன் பரவலான பெயராகவில்லை. அதன் நீளம் ஒரு காரணம். இரண்டு மூன்று எழுத்துகளில் முடியும் பெயர்களையே இன்றைய பெற்றோர் பலர் நாடுகின்றனர். மற்றொரு காரணம் ழகரம். ரோமன் எழுத்தில் அதற்கெனத் தனியோர் எழுத்து இல்லை. சிலர் ‘எல்’ என்னும் எழுத்தால் அதைக் குறிப்பர். சிலர் ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்து எழுதுவர். சகரத்திற்கும் இதே குழப்பம் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிட்டால், பிறகு அலுவலகம் அலுவலகமாகச் சென்று திருத்த வேண்டியதாகிறது. இத்தொல்லையை நினைத்தே சில பெற்றோர் செழியன் என்று மட்டும் பதிவு செய்கின்றனர். முழுப் பெயரையே பதிந்தவர்களும் வீட்டில் பிள்ளையை ‘செழியா’ என்றுதான் அழைக்கின்றனர்.