தொண்டைமானாற்றங்கரையிற் புள்ளும் தும்பியும்

தொண்டைமானாற்றை ஆறென்று வழங்குவது மரபேயன்றி, உண்மையில் அது கடலோடு கலக்கும் ஒரு கடனீரேரியின் வாயாகும். கலிங்கத்துப்பரணியிற் பாடப்பெறும் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றும் பொருட்டு இவ்வாய்க்காலை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரை. செல்வச்சந்நிதி முருகனை வழிபடச் செல்வோர் யாவரும் இந்நீரைக் காண்கின்றனர். அந்நீரோரத்துச் சேற்றில் நிற்பனவற்றை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. வகுப்பில் யாம் வினவியபோதெல்லாம், “கொக்கு நின்றது, ஐயா” என்ற ஒரே விடைதான் கிடைத்தது. நிற்பன யாவும் கொக்கல்ல என்பதைக் காட்டுவதற்கே இக்கட்டுரையை எழுதலாயினோம்.

இதற்கு உகந்த பருவம் புரட்டாதியும் ஐப்பசியின் முற்பகுதியும். நூல்கள் ஆவணி, புரட்டாதி ஆகிய இரு திங்களையும் கார்காலம் என வகுத்தன. யாழ்ப்பாணத்திலோ பெருமழை ஐப்பசி பிறந்த பின்னரே இறங்குகின்றது. ஆதலின் புரட்டாதியில் ஏரி மிக வற்றிக் கிடக்கும். ஓரங்களில் உப்புப் பூக்கும். நடுவே சேறு பரந்து தோன்றும். நமக்கு வறட்சியாகத் தோன்றும் அச்சேறு பறவைகளுக்கு விருந்து மண்டபமாகும். புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளும் அதனுட் செறிந்துள்ளன. மழை பெய்து நீர் மட்டம் உயர்ந்துவிட்டால் அவற்றை எட்டுதல் குறுங்காற் பறவைகளுக்கு இயலாது. இச்சில கிழமைகள் அவற்றுக்கு எத்துணை அரியன என்பது இதனாற் புலனாகும்.

பறவையை அறிதற்கு நிறத்தினும் அலகு சிறந்த கருவி. நிறம் பருவந்தோறும் மாறும், அலகு மாறாது. குட்டை அலகும் பெரிய கண்ணும் உடைய சிறு பறவையொன்று சில அடி ஓடித் திடீரென நின்று, குனிந்து கொத்தி, மீண்டும் ஓடுமாயின், அது கண்ணால் இரை தேடும் இனத்தது. சற்றே நீண்ட அலகுடைய உள்ளான்கள் ஓடி நிற்பதில்லை. தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலச் சேற்றை இடைவிடாது குத்திச் செல்லும். அவற்றின் அலகு நுனியிலே தொட்டுணரும் உறுப்புகள் நிறைந்துள்ளன. கண்ணாற் காணாத இரையை அலகால் அறிகின்றன. கீழ்நோக்கி வளைந்த மிக நீண்ட அலகுடைய பெரும் பறவையோ நண்டு வளையின் ஆழத்தையே துழாவும். ஒரே சேற்றில் இத்தனை இனங்களும் பூசலின்றி உண்பதன் காரணம் இதுவே. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆழம் உண்டு.

இவற்றுட் பல நம்மூர்ப் பிறப்பல்ல. வளைந்த அலகுடைய உள்ளான் ஒன்று சைபீரியாவின் வடகோடித் தூந்திர நிலத்திற் பொரித்தது. அதன் நிறை அறுபது கிராம் அளவே. முற்பட வரும் முதுபறவைகளின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும். இளம் பறவைகள் பின்னரே வருகின்றன. தாயும் தந்தையும் வழிகாட்டாமல், முன்பு கண்டிராத நாட்டுக்கு அவை தாமே வந்துசேர்கின்றன. சத்திமுற்றப் புலவர் நாரையை விளித்துப் பாடிய செய்யுளை மாணாக்கர் அறிவர். குமரியில் நீராடி வடக்கே திரும்பும் இணையன்றோ ஆண்டுப் பேசப்படுவது! நாம் புரட்டாதியிற் காண்பது அப்பயணத்தின் மறுபாதி. அந்நாரையின் அலகுக்குப் புலவர் கண்ட உவமை நமது பனங்கிழங்கு என்பதையும் ஈண்டு நினைவூட்டுதல் தகும். பறவையை நேரிற் கண்டவர்க்கன்றி அவ்வுவமை வாய்த்திராது.

இனித் தும்பி. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் விளிக்கப்படும் தும்பி வண்டினத்தது. யாழ்ப்பாணத்தார் தும்பி என்பதோ கண்ணாடிச் சிறகும் நீண்ட வாலும் உடைய தட்டானை. சொல் ஒன்று, பொருள் இரண்டு, குழப்புதல் கூடாது. ஐப்பசி நெருங்குங்கால் பொன்மஞ்சள் நிறத் தும்பிகள் கூட்டங் கூட்டமாக வெளிகளின்மேல் மிதந்து திரியும். அவை எளிதிற் கிளையில் அமர்வதில்லை. மாலைதீவில் வாழ்ந்த சாள்ஸ் அன்டர்சன் என்னும் கடலுயிரியலறிஞர் இவ்வினத்தைப் பற்றி 2009 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்னீர்க் குளங்கள் மிக அரிதான அத்தீவுகளில் ஆண்டுதோறும் ஐப்பசியில் இத்தனை தும்பிகள் எங்கிருந்து தோன்றுகின்றன என்பதே அவரது வினா. அவை இந்தியாவிலிருந்து, தெற்கு நோக்கி நகரும் மழைக்காற்று வலயத்தோடு கடல் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குச் செல்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. போய் மீளும் சுற்று முழுவதையும் எந்தத் தும்பியும் தனியே முடிப்பதில்லை. தாய் தொடங்கிய வழியை மக்களும் பேரரும் தொடர்கின்றனர். தும்பி தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் முதியோர் கூறுவர். அவர் அறிவியல் நூல் கற்றவரல்லர். ஆயினும் தும்பியும் மழையும் ஒருங்கு வருவதை நன்கு நோக்கியிருந்தனர்.

வண்ணத்துப்பூச்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கரையோரத்து எருக்கலையே போதும். செம்மஞ்சட் சிறகும் கருநுனியும் உடைய பூச்சி அதன் இலையில் முட்டையிடும். புழு எருக்கலைப் பாலின் நஞ்சைத் தன் உடலிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை வெறுக்கும். நஞ்சில்லாத வேறோர் இனத்தின் பெண்பூச்சி இதே நிறத்தைப் பூண்டு தப்பித் திரிகின்றது. காய்ந்த தேட்கொடுக்கின்மீது பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டால் தேனுக்கென எண்ணற்க. ஆண்பூச்சிகள் பெண்ணைக் கவரும் மணத்துக்குரிய சத்தை அதனின்றும் உறிஞ்சுகின்றன.

காணச் செல்வோர் காலையில் ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க. ஓடற்க. கூட்டம் ஒருமுறை வெருண்டெழுந்தால், நெடும்பயணத்தால் இளைத்த உடல் மேலும் இளைக்கும். நாள், நேரம், எண்ணிக்கை, அலகின் வடிவு ஆகியவற்றை நின்ற இடத்திலேயே குறித்தல் வேண்டும். பெயரைப் பின்னர்த் தேடலாம். இவ்வூர்ப் பெயர் தாங்கிய வெளிக்கள நிலையத்தை மாணாக்கர் இன்று வினாத்தாள்களாலேயே அறிகின்றனர். அப்பெயரிலுள்ள வெளிக்களம் என்னுஞ் சொல்லைச் சற்றே சிந்திப்பாராக. 2009 இல் முடிந்த போரின் ஆண்டுகளில் இக்கரையின் பல பகுதிகளுக்குச் செல்ல இயலாதிருந்தது. அக்காலத்திற் கற்ற பழைய மாணவர் பலர் தம் ஊர்ப் பறவையின் பெயரை அறியாமலே கடல் கடந்தனர். அவர்க்குக் கூறுகின்றோம்: விடுமுறைக்கு ஊர் வருங்கால் பிள்ளைகளையும் இக்கரைக்கு அழைத்து வருக. வீட்டு மூதாட்டியர் ஒவ்வொரு பறவையையும் எப்பெயரால் அழைத்தனர் என்பதையும் கேட்டு எழுதிவைக்க.

முதல் மழைக்குப்பின் ஐந்தாறு கிழமை கழித்து, வெளிகளில் தேங்கிய குட்டைகளின் ஓரத்துப் புற்றண்டுகளை நோக்குக. முதுகு பிளந்த, வெறுமையான சிறு கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தும்பிகள் அவற்றினின்றும் எழுந்து சென்றிருக்கும்.